மாதவிடாய் நின்றபின் எலும்பு நலம்: கால்சியமும் வைட்டமின் டி-யும்

எலும்பு ஒருமுறை வளர்ந்து அப்படியே நின்றுவிடுவதில்லை. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் அதில் வேலை செய்கின்றன. சுமார் 30 வயது வரை கட்டும் வேலை மிஞ்சியிருக்கும். பிறகு இரண்டும் சமமாகி, மெல்லக் கரைப்பின் பக்கம் சாயும். பெண்களின் உடலில் கரைக்கும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். சினைப்பைகள் அதைச் சுரப்பது நின்றதும் கரைப்பு வேகமெடுக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 முதல் 7 ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 20 விழுக்காடு வரை குறையக்கூடும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த இழப்பு அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

இந்த இழப்புக்கு வலி கிடையாது. மணிக்கட்டோ முதுகெலும்போ இடுப்போ முறியும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. முழங்கால் வலியையும் ‘எலும்புத் தேய்மானம்’ என்றே சொல்வது வழக்கம். ஆனால் அது மூட்டுக் குருத்தெலும்பின் கோளாறு. கால்சியம் மாத்திரையால் முழங்கால் வலி தீராது. எலும்பு மெலிவதன் வெளி அடையாளங்கள் வேறு: உயரம் குறைதல், மேல்முதுகு வளைந்து கூன் விழுதல், கனமான பொருளைத் தூக்கியவுடன் நடுமுதுகில் திடீரென ஏற்படும் கடும் வலி. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் மீன் கூடையும் தண்ணீர்க் குடமும் தூக்கும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் இந்த மூன்றாவது அடையாளத்தைச் ‘சுளுக்கு’ என்று விட்டுவிடக் கூடாது. முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

நாள்தோறும் எவ்வளவு தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளுக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்றபின் 1,200 மி.கி. வைட்டமின் டி 600 யூனிட், 60 வயதுக்கு மேல் 800 யூனிட். மேல்வரம்பும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்ந்து கால்சியம் 2,000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் டி நாளுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது.

1,200 மி.கி. என்பது மாத்திரையின் அளவன்று, ஒரு நாளில் எல்லா வழியிலும் உடலுக்குள் போகும் மொத்தம். உணவில் கிடைப்பதை முதலில் கணக்கிட்டு, குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புவதே சரியான வரிசை. எல்லாருக்கும் இரண்டு மாத்திரை என்று பொதுவாக எடுத்துக்கொண்டால் சிலருக்கு அது போதாது. சிலருக்கு மிஞ்சிப்போய்ச் சிறுநீரகக் கல்லுக்கு வழி வைக்கும்.

உணவில் இருப்பதைக் கணக்கிடுதல்

ஏரியும் கடலும் சேரும் ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீனின் கால்சியம் முள்ளில் இருக்கிறது, சதையில் இல்லை. வஞ்சிரத் துண்டிலும் மடவைக் குழம்பிலும் முள்ளை ஒதுக்கிவிட்டே உண்கிறோம். இறாலின் ஓடும் நண்டின் ஓடும் குப்பைக்குப் போகின்றன. முள்ளோடு மென்று தின்னும் சிறுமீன்தான் இதில் கணக்கு: நெத்திலி, காரப்பொடி, முழுதாக உண்ணும் சென்னாக்கூனி. புளிக் குழம்பில் நெடுநேரம் வெந்த சிறு கவலை மீனின் முள்ளும் மெத்தென்றாகி உண்ணத்தக்கதாகும். விலைபோகும் மீனும் இறாலும் ஏலத்தில் வெளியூருக்குப் போய், விலைபோகாத பொடிமீன் வீட்டுக்கு வருவது குப்பங்களின் வழக்கம். எலும்பைப் பொறுத்தவரை வீட்டுக்கு வருவதே சத்தான பங்கு.

கருவாட்டிலும் கால்சியம் உண்டு. ஆனால் உப்பு மிகுதி. உப்பு கூடினால் சிறுநீரில் வெளியேறும் கால்சியமும் கூடும், இரத்த அழுத்தமும் ஏறும். கருவாட்டைச் சமைக்குமுன் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்கள் கருவாட்டைக் குறைத்துக்கொண்டு பச்சை நெத்திலியைக் கூட்டிக்கொள்வது நல்லது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராமில் உள்ள கால்சியம் ஏறக்குறைய இவ்வளவு:

- கேழ்வரகு: 364 மி.கி.
- முருங்கைக்கீரை: 314 மி.கி.
- அகத்திக்கீரை: 900 மி.கி.
- வெள்ளை எள்: 1,280 மி.கி.
- பசும்பால்: 118 மி.கி. (தயிரிலும் ஏறத்தாழ இதே அளவு)

பாலக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அட்டவணையில் காணும் அளவு உடலில் சேராது. முருங்கைக்கீரையில் இந்தத் தடை குறைவு. அகத்தியில் சத்து மிகுதி என்றாலும் அது அன்றாடம் உண்ணும் கீரையன்று.

ஒரு நாள் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் 50 கிராம் மாவில் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், 180 மி.கி. மதியச் சோற்றுக்கு 50 கிராம் முருங்கைக்கீரைப் பொரியல், 155 மி.கி. முள்ளோடு உண்ட 100 கிராம் நெத்திலி, குறைத்து மதிப்பிட்டாலும் 100 மி.கி. டீக்கும் மோருக்குமாகச் செலவான 200 மி.லி. பால், 240 மி.கி. அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றிலிருந்தும் சுமார் 100 மி.கி. மொத்தம் 775. குறைவது 425. அன்றைக்கு 500 மி.கி. கால்சியம் உள்ள ஒரு மாத்திரை போதும். அதே வீட்டில் காலை இட்லி, மதியம் வஞ்சிரக் குழம்பு, இரவு பழைய சோறு, டீயில் 100 மி.லி. பால் மட்டும் என்றால் 250 மி.கி. தேறுவதே கடினம். அங்கே குறையை நிரப்ப இரண்டு மாத்திரை வேண்டியிருக்கும். ஆனாலும் கூழும் கீரையும் ஒரு தம்ளர் பாலும்தான் முதலில் சேர வேண்டும்.

முகத்துவாரம் மணல் மூடி ஏரியில் வரத்துக் குறையும் காலத்திலும், புயல் எச்சரிக்கையால் படகுகள் கரையில் நிற்கும் வடகிழக்குப் பருவமழை நாட்களிலும் வீட்டில் மீனும் குறையும், கைக்காசும் குறையும். அந்த வாரங்களில் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். கேழ்வரகும் எள்ளும் நெடுநாள் கெடாதவை, கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். 10 கிராம் எள்ளில் அரைத்த பொடி அல்லது துவையல் சுமார் 130 மி.கி. தரும்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கால்சியம் மாத்திரைக்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. புகையிலை எலும்பையும் மெலிய வைக்கிறது. ஏரிக் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட்தான் என்றாலும் அதை இடித்துத் தின்பதும் ஆபத்து. சுத்திகரிக்காத கிளிஞ்சல் பொடியில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கக்கூடும். சுட்ட சுண்ணாம்பு வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

வெயிலும் வைட்டமின் டி-யும்

உண்ட கால்சியத்தைக் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏற்றுவது வைட்டமின் டி. மத்தி, கவலை, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் முட்டை மஞ்சட்கருவிலும் அது ஓரளவு உண்டு. ‘+எஃப்’ முத்திரை உள்ள பால் பாக்கெட்டில் வைட்டமின் ஏ-யுடன் அதுவும் சேர்க்கப்பட்டிருக்கும். ஆனாலும் பெரும்பங்கு தோலில் வெயில் பட்டு உண்டாக வேண்டியதே.

பழவேற்காடு நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே இருப்பதால் ஆண்டு முழுவதும் இதற்குரிய புற ஊதா பி கதிர் கிடைக்கிறது. ஆனால் காலை இளவெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. உச்சிப் பொழுதை ஒட்டித்தான் போதிய அளவு வருகிறது. தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே ஏற்றது. ஏறக்குறைய காலை 10 மணிக்கு மேல் பிற்பகல் 3 மணிக்குள். விடியலில் ஏலத்துக்குப் போய், மீனை விற்றுவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பும் பெண் ‘நாள் முழுக்க வெளியில்தான்’ என்று நினைத்தாலும் அவருக்குப் பயன்படும் வெயில் பட்டிருக்காது. தார்ப்பாய் நிழலில் மீன் விற்பவர்களுக்கும், வீட்டுக்குள் அமர்ந்து பனை ஓலைப் பெட்டி முடைபவர்களுக்கும், உடல் முழுதும் மூடிய ஆடை உடுத்துபவர்களுக்கும் இதே நிலை. ஏரித் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு வெயில் கூடுதலாகக் கிடைக்கிறது. அவர்களுக்கும் வயது ஏற ஏறத் தோலின் உற்பத்தித் திறன் குறைகிறது.

முகமும் முழங்கை வரை கையும் தெரிய, வாரத்தில் பெரும்பாலான நாட்கள் 20 முதல் 30 நிமிடம் வெயில் பட்டால் நல்லது. நிறம் கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே விழும் வெயில் பயன்படாது. கத்திரி வெயில் நாட்களில் பத்து மணியை ஒட்டியே முடித்துக்கொள்ள வேண்டும். நண்பகலில் நிற்பது மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

கால்சியம் மாத்திரை: எதை, எப்படி

மருந்துக் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட். அட்டையின் பின்புறம் ‘கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி.’ என்றும், அதன் கீழே ‘எலிமென்டல் கால்சியம் 500 மி.கி.’ என்றும் இருக்கும். கணக்குக்கு எடுக்க வேண்டியது இரண்டாவது எண். கார்பனேட்டின் எடையில் 40 விழுக்காடே கால்சியம். கால்சியம் சிட்ரேட்டில் 21 விழுக்காடு. பல மாத்திரைகளில் 250 யூனிட் வைட்டமின் டி3-யும் சேர்ந்திருக்கும். அதையும் நாளின் மொத்தத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். விலை கூடிய மாத்திரையில் கால்சியமும் கூடுதலாக இருக்கும் என்பதில்லை. இந்த இரண்டாவது எண்ணை ஒப்பிட்டு வாங்குவதே முறை.

உண்ணும் முறையில் கவனிக்க வேண்டியவை:

- கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். ஆகவே சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்ட உடனே உண்ண வேண்டும். சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும் உண்ணலாம்.
- ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டால் உடல் ஏற்பது குறையும். இரண்டு மாத்திரை தேவையென்றால் மதியம் ஒன்று, இரவு ஒன்று.
- வாயுத் தொல்லைக்கு ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற ‘கேஸ் மாத்திரை’யை நெடுநாளாக உண்பவர்களுக்குச் சிட்ரேட் பொருத்தமானது.
- இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து உண்ணக் கூடாது. ஒன்றை மதியமும் மற்றதை இரவும் வைத்துக்கொள்ளலாம்.
- தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே 4 மணி நேரம் வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உண்ணும் நாட்களில் இடைவெளியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.
- மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் கார்பனேட்டின் வழக்கமான தொல்லைகள். தண்ணீரும் கீரையும் கூட்டியும் தீரவில்லை என்றால் சிட்ரேட்டுக்கு மாறலாம்.

கால்சியம் உண்ணும் பெண் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. கழிப்பிட வசதி இல்லாத ஏலக்கூடத்திலும் சந்தையிலும் பாதி நாள் இருக்க வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்ப்பது பலரின் வழக்கம். கரையோர வெக்கையில் வியர்வையும் சேர்ந்து சிறுநீர் அடர்ந்தால் கல் உண்டாக ஏதுவாகும். சிறுநீர் வெளிர் நிறமாகப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதே அளவுகோல்.

60,000 யூனிட் பாக்கெட்

வைட்டமின் டி குறைவுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் 60,000 யூனிட் டி3: பாலில் கலக்கும் பொடிப் பாக்கெட்டாகவோ, மாத்திரை அல்லது கேப்சூலாகவோ வரும். இரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஒரு மி.லி.க்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்கிறார்கள். அப்போது வாரம் ஒன்று வீதம் 8 வாரம் தருவது வழக்கமான முறை. அதன்பின் தேவைப்பட்டால் மாதம் ஒன்று. அது நாளுக்கு 2,000 யூனிட்டுக்குச் சமம். கொழுப்புள்ள உணவோடோ பாலோடோ உண்டால் நன்றாகச் சேரும்.

தவறு நேர்வது எட்டு வாரம் முடிந்த பிறகுதான். ‘உடம்பு அசதிக்கு நல்லது’ என்று பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் வாரந்தோறும் உண்பவர்கள் உண்டு. வாரத்துக்கொன்றை நாளுக்கொன்று என்று தவறாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது. மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள், சிறுநீரகமும் கெடக்கூடும். ஆண்டுக்கொருமுறை பெரிய அளவாகக் கொடுத்துவிடும் முறையும் பயன் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் பெற்றவர்களிடையே விழுவதும் எலும்பு முறிவதும் கூடியதாக 2010-இல் தெரியவந்தது.

மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாதவர்கள்

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், இரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடியிருப்பவர்கள், இதயத்துக்கு டிஜாக்சின் உண்பவர்கள், இரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு வகை நீர் மாத்திரை உண்பவர்கள், காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள். வலிப்பு நோய்க்கு ஃபெனிடாய்ன் உண்பவர்களுக்கு வைட்டமின் டி குறையக்கூடும். அவர்களுக்கு அளவே மாறும்.

மூட்டுவலிக்கு என்று சீட்டில்லாமல் வாங்கும் பெயர் தெரியாத மாத்திரையிலும், ‘உடனே வலி போகும்’ என்று போடும் ஊசியிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் உண்ணும் ஸ்டீராய்டு மாத்திரை, கால்சியத்தால் ஈடுகட்ட முடியாத அளவுக்கு எலும்பை மெலிய வைக்கும்.

மாத்திரையின் எல்லை

பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களிடம் நடந்து 1992-இல் வெளியான ஆய்வு, 1,200 மி.கி. கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் 18 மாதத்தில் இடுப்பு எலும்பு முறிவை 43 விழுக்காடு குறைத்ததாகக் காட்டியது. அவர்கள் மிக முதியவர்கள், வெயில் படாதவர்கள், உணவிலும் குறைவுள்ளவர்கள். அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்விலோ, 1,000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் இடுப்பு முறிவைத் தெளிவாகக் குறைக்கவில்லை. சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது. அவர்களில் பலர் ஏற்கெனவே நாளுக்குச் சுமார் 1,100 மி.கி. கால்சியம் பெற்றுவந்தவர்கள். குறைவுள்ளவர்களுக்கு மாத்திரை உதவுகிறது. நிறைவாக உள்ளவர்களுக்கு மேலும் கொடுப்பது எலும்பை இரும்பாக்குவதில்லை.

எலும்பு ஏற்கெனவே மிக மெலிந்திருந்தால் கால்சியம் மட்டும் போதாது. அதை அளப்பது டெக்சா ஸ்கேன். டி-ஸ்கோர் மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் எலும்பு அடர்த்திக் குறைவு; மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ். 65 வயதைத் தாண்டியவர்களும், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், நின்ற நிலையிலிருந்து விழுந்ததிலேயே எலும்பு முறிந்தவர்களும், நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர்களும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். முகாம்களில் குதிகாலில் பார்க்கும் அல்ட்ராசவுண்டு சோதனை முதற்கட்ட வடிகட்டல்தான். அதன் முடிவை மட்டும் நம்பி மருந்து தொடங்கக் கூடாது.

ஆஸ்டியோபோரோசிஸ் உறுதியானால் வாரம் ஒருமுறை 70 மி.கி. அலென்ட்ரோனேட் மாத்திரையோ ஆண்டுக்கொருமுறை சோலெட்ரோனிக் அமில ஊசியோ தருவார்கள். அலென்ட்ரோனேட்டைக் காலை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல், படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். அன்றைய கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டோடுதான்.

விழாமல் இருத்தல், விழுந்தால் செய்ய வேண்டியது

மெலிந்த எலும்பு முறிவதற்குப் பெரும்பாலும் ஒரு வீழ்ச்சி காரணமாகிறது. மீன் கழுவிய தண்ணீரும் செதிலும் படிந்த சிமென்ட் தரை, பாசி பிடித்த படகுத்துறைப் படி, வீட்டு வாசலில் கிடக்கும் வலை, இரவில் விளக்கில்லாத கழிப்பறை வழி ஆகியவை கவனிக்க வேண்டிய இடங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்ற வேண்டும். கண் புரையைத் தள்ளிப்போடக் கூடாது. கூடையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, இருவராகத் தூக்க வேண்டும். நாளுக்கு அரை மணி நடையும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதும் தொடைத் தசையை வலுவாக்கி வீழ்ச்சியைக் குறைக்கும். முதுகெலும்பு முறிந்தவர்கள் குனிந்து பாரம் தூக்குவதை அறவே விட வேண்டும்.

விழுந்தபின் காலூன்ற முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால் அது இடுப்பு எலும்பு முறிவு. எண்ணெய்க் கட்டோ புத்தூர்க் கட்டோ அதற்குத் தீர்வாகாது. அசைக்காமல் படுக்க வைத்து, 108 ஆம்புலன்சில் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஓரிரு நாளுக்குள் அறுவை செய்து எழுப்பி நடக்கவைத்தால் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் தவிர்க்கப்படும்.

பரிசோதனையும் மறு கணக்கும்

இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் நாளிலேயே எலும்பைப் பற்றியும் கேட்கலாம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் சொல்லலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் பொன்னேரி அரசு மருத்துவமனை, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை ஸ்டான்லி என்பது வரிசை. போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை: உண்ணும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், டி3 பாக்கெட் எத்தனை முடிந்தது என்ற குறிப்பு, பழைய எக்ஸ்ரே, வழக்கமான ஒரு நாள் சாப்பாட்டின் பட்டியல். உயரத்தை ஆண்டுக்கொருமுறை அளந்து எழுதிவைக்க வேண்டும், 2 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உணவோ வேலையோ மற்ற மருந்துகளோ மாறும்போதெல்லாம் கால்சியக் கணக்கை மறுபடி போட்டு, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.